எந்த மூட்டுக்குக் கிரீஸ்?

1997 மாடலாக வந்த ஜீப் ராங்ளர் டிஜேயின் அடியில் படுத்து எண்ணினால், முன் ஆக்ஸிலுக்கு 4, பின் ஆக்ஸிலுக்கு 4 என 8 கன்ட்ரோல் ஆர்ம்கள் தென்படும். ஒவ்வோர் ஆர்முக்கும் இரண்டு முனைகள். ஆக, 16 மூட்டுகள். கம்பெனியிலிருந்து வரும்போது இந்த 16 முனைகளில் ஒன்றில்கூடக் கிரீஸ் நிப்பிள் இருக்காது. அதே வண்டியை உயர்த்தி, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வெளிச்சந்தை ஆர்ம்களைப் பூட்டினால் போதும், மூட்டுக்கு மூட்டு நிப்பிள் முளைத்துவிடும். கூடவே புதிய கவலையும் முளைக்கும்: எந்தக் கிரீஸ், எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை?

கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டுவோர் இந்தக் கேள்விக்கு ஒரே விடையைச் சொன்னதில்லை. ஐயாயிரம் கிலோமீட்டர் என்பார் ஒருவர், ஒவ்வொரு பயணம் முடிந்ததும் என்பார் இன்னொருவர், தொடவே தொடாதே என்பார் மூன்றாமவர். வேடிக்கை என்னவென்றால், மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஏனென்றால் மூவரும் மூன்று வெவ்வேறு மூட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூட்டுக்குள் எது எதன்மேல் உரசுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அந்த இடத்துக்குத் தண்ணீரும் மண்ணும் எவ்வளவு போகின்றன என்று பார்த்தால் மீதியும் தீரும்.

பட்டாவிலிருந்து சுருளுக்கு

கிரீஸ் அடிக்கும் பழக்கம் ஜீப்போடு கூடப் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு நான்கு சக்கரங்களிலும் பட்டா ஸ்பிரிங். பட்டாவின் ஒரு முனை சேசிஸில் ஊன்றியிருக்கும், மறுமுனை ஷாக்கிளில் தொங்கும். மரையிட்ட இரும்பு ஷாக்கிள், மரையிட்ட இரும்பு புஷ்ஷுக்குள் சுழலும். இரும்போடு இரும்பு உரசும் இடம் என்பதால் ஒவ்வொன்றிலும் நிப்பிள் உண்டு. போருக்குப் பின் பொதுமக்களுக்கு வந்த சிஜே-2ஏ ஜீப்பின் கையேடு 1,000 மைலுக்கு ஒருமுறை அடிச்சட்டத்துக்குக் கிரீஸ் அடிக்கச் சொன்னது. 1940களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா பூட்டத் தொடங்கிய ஜீப்புகள் இந்த மரபில்தான் வந்தன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் பள்ளமுமான பாதையில் ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகளில் இன்றும் பட்டாதான் சுமை தாங்குகிறது.

பட்டாவுக்கு ஒரு வசதி உண்டு: சுமையையும் அதுவே தாங்கும், ஆக்ஸிலையும் அதுவே இடம் பிசகாமல் பிடிக்கும். சுருள் ஸ்பிரிங்குக்கு அந்தத் திறமை கிடையாது. மேலும் கீழுமாக அமுங்கி எழும், அவ்வளவே. ஆக்ஸில் முன்னும் பின்னும் ஓடாமல் இருக்கவும், தன் அச்சில் சுற்றிக்கொள்ளாமல் இருக்கவும் தனியாக ஆர்ம்கள் வேண்டும். 1966 மாடல் ஃபோர்டு பிராங்கோ முன் ஆக்ஸிலை சுருளிலும் ரேடியஸ் ஆர்மிலும் நிறுத்தியது. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் நான்கு சக்கரங்களுக்கும் சுருளைக் கொடுத்தது. பின் ஆக்ஸிலின் நடுவே ஏ வடிவ ஆர்மையும் அதன் முனையில் ஒரு பால் ஜாயின்ட்டையும் வைத்தது. ஜீப் கம்பெனி 1984 செரோக்கியில் முன்பக்கத்துக்கு நான்கு ஆர்ம் அமைப்பைக் கொண்டுவந்து, டிஜேயில் அதைப் பின்பக்கத்துக்கும் நீட்டியது.

இந்தியாவில் இந்த மாற்றம் தாமதமாக வந்தது. 1985இல் அறிமுகமான மாருதி ஜிப்சி கடைசிவரை பட்டாவிலேயே ஓடியது. 2010 தார் வண்டிக்கு முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டா. 2020 தாரில்தான் முன்பக்கம் இரட்டை விஷ்போனும் பின்பக்கம் சுருளோடு கூடிய மல்டிலிங்க் ஆக்ஸிலும் வந்தன. 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஜிம்னி, முன்னும் பின்னும் முழு ஆக்ஸிலை மூன்று ஆர்ம்களால் பிடித்து சுருளில் நிறுத்துகிறது. பட்டா போய் ஆர்ம் வந்தபோது நிப்பிள்களும் மறைந்தன. அவற்றின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது.

கிரீஸ் வேண்டாத ரப்பர்

கம்பெனி ஆர்மின் முனையில் இருக்கும் புஷ் ஓர் எளிய பொருள். வெளியே ஒரு இரும்புக் குழல், உள்ளே சிறிய இரும்புக் குழல், இடையில் ரப்பர். ரப்பர் இரண்டு குழல்களோடும் ரசாயன முறையில் ஒட்டப்பட்டிருக்கும். வெளிக்குழல் ஆர்முக்குள் அழுத்தி ஏற்றப்படும். உள்குழலை போல்ட் பிராக்கெட்டோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கும். ஆர்ம் மேலே எழும்போது எதுவும் எதன்மேலும் வழுக்குவதில்லை; ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, ஆர்ம் இறங்கும்போது முறுக்கு அவிழ்கிறது. வழுக்கும் பரப்பே இல்லாத இடத்தில் கிரீஸுக்கு வேலையும் இல்லை.

வேலை இல்லை என்பதோடு நிற்காது, கெடுதலும் உண்டு. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சி உப்பும், மென்மையாகும், ஒட்டு விடும். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் துரு பிடிக்காமலிருக்க அடிப்பாகத்தில் பழைய ஆயிலையோ டீசல் கலவையையோ தெளித்துவிடும் வழக்கம் நம்மூர்களில் உண்டு. பட்டா வண்டியில் அது பெரிதாகக் கெடுக்கவில்லை. ஒவ்வோர் ஆர்ம் முனையிலும் ரப்பர் இருக்கும் வண்டியில் அது புஷ்களின் ஆயுளைக் குறைக்கிறது. ரப்பர் புஷ் கீச்சிடுகிறது என்று ஆயில் விட்டால் சில நாள் சத்தம் நிற்கும். ஆனால் ஒட்டு விட்டுப்போனதாலோ போல்ட் தளர்ந்ததாலோதான் அந்தச் சத்தம் வந்திருக்கும். அந்தக் காரணம் அப்படியே இருக்கும்.

ரப்பர் புஷ்ஷுக்கு வேண்டியது வேறொரு பராமரிப்பு. அதன் போல்ட்டை இறுதியாக முறுக்கும்போது வண்டி தன் முழு எடையோடு நான்கு டயரிலும் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி ஆக்ஸில் தொங்கும் நிலையில் முறுக்கினால், அந்தத் தொங்கிய நிலையே ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். தரையில் இறக்கியதும் சும்மா நிற்கும் வண்டியில்கூட ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், பாதையில் இன்னும் முறுக்கப்பட்டு முன்கூட்டியே கிழியும். இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் பூட்டும்போது பலர் தவறவிடும் படி இது. பழைய ஆர்ம்களையே வைத்துக்கொண்டு உயரத்தைக் கூட்டினால், எல்லா ஆர்ம் போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி நாலைந்து முறை அமுக்கிவிட்டு, கையேட்டில் சொன்ன டார்க் அளவுக்கு மீண்டும் முறுக்க வேண்டும்.

வழுக்கும் மூட்டுகள்

ரப்பரின் குறை அதன் எல்லை. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி மறுசக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஆக்ஸில் சாய்கிறது. அப்போது ஆர்ம் மேலும் கீழும் அசைவதோடு நில்லாமல் தன் நீளவாட்டிலும் திருகிக்கொள்கிறது. சாலைப் பயணத்தில் சில டிகிரி அசையும் மூட்டு, பாறையில் அதைப்போலப் பல மடங்கு திரும்ப வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையில் ஏறக்குறைய 22 மைல் நீளத்துக்குக் கருங்கல் பாறைகள். அங்கே ஓட்டுவோர் ரப்பரைக் கழற்றிவிட்டு வேறு மூட்டுகளைத் தேடியதில் வியப்பில்லை.

முதலில் வந்தது பாலியூரித்தேன் புஷ். தோற்றத்தில் ரப்பர் போலத்தான் இருக்கும். வேலை செய்யும் விதம் வேறு. இது குழலோடு ஒட்டப்படுவதில்லை. உள்குழல் பாலியூரித்தேனுக்குள் சுழல்கிறது. வழுக்கும் பரப்பு வந்துவிட்டதால் கிரீஸும் வேண்டும். இல்லையென்றால் பரப்புகள் ஒட்டுவதும் விடுவதுமாக மாறி மாறி நகரும், கீச்சென்ற சத்தம் எழும். இதற்கென விற்கப்படுவது பிசின் போல் ஒட்டும் சிலிகோன் வகைக் கிரீஸ். சாதாரண கிரீஸ் போட்டால் சத்தம் உடனே நிற்கும், இரண்டு மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். பாலியூரித்தேன் சுழற்சியைத் தாங்கும், திருகலை அவ்வளவாகத் தாங்காது. அதனால் முழு ஆக்ஸில் வண்டியின் ஆர்ம் இரு முனைகளிலும் அதைப் போட்டால் சஸ்பென்ஷன் இறுகிப்போகும்.

அடுத்தது குண்டும் கிண்ணமும். அமெரிக்காவில் கரி நிறுவனத்தின் ஜான் கரி பெயரால் ஜானி ஜாயின்ட் என்று அழைக்கப்படும் மூட்டு இதில் பெயர்போனது. 1990களில் பரவத் தொடங்கிய இந்த மூட்டில், போல்ட் ஊடுருவிச் செல்லும் எஃகுக் குண்டை இருபுறமும் பாலியூரித்தேன் கிண்ணங்கள் கவ்வியிருக்கும். அவற்றை வெளிக்கூட்டுக்குள் ஒரு வாஷரும் ஸ்னாப் ரிங்கும் பூட்டி வைத்திருக்கும். குண்டு எல்லாத் திசையிலும் திரும்பும். தேய்ந்தால் மூட்டு முழுவதையும் எறிய வேண்டாம். கிண்ணங்களை மட்டும் மாற்றலாம். வெளிக்கூட்டில் ஒரு நிப்பிள் இருக்கும். இதற்குத் தூசு மறைப்பு உறை கிடையாது. பழைய கிரீஸ் குண்டின் ஓரமாக வெளியேறும். சேறு உள்ளே நுழைவதும் அந்த வழியாகத்தான்.

பந்தய வண்டிகளில் காணப்படும் ஹைம் ஜாயின்ட்டில் உலோகக் குண்டு உலோக வளையத்துக்குள் சுழல்கிறது. இடையே டெஃப்லான் துணி போன்ற உள்ளுறை இருந்தால் அதற்குக் கிரீஸ் போடவே கூடாது. அந்த உறை தானாக வழுக்குவதற்கென்றே உள்ளது. கிரீஸ் போட்டால் தூசைப் பிடித்துவைத்து உறையை அரைத்துவிடும். உள்ளுறை இல்லாமல் வெறும் உலோகமாக இருப்பதற்கு மட்டுமே கிரீஸ். விஷ்போன் வண்டிகளின் பால் ஜாயின்ட்டுகளில் ரப்பர் உறைக்குள் கிரீஸை ஆயுளுக்கும் அடைத்து மூடிவிடுவதே இன்றைய பொது வழக்கம். மெட்டல்க்ளோக் நிறுவனத்தின் டியூரோஃப்ளெக்ஸ் மூட்டு வேறு வழியில் போகிறது: குண்டைச் சுற்றிலும் ரப்பர் தன்மையுள்ள பொருளை வைத்து, அதிகத் திருகலையும் கிரீஸ் இல்லாமலே சமாளிக்கப் பார்க்கிறது.

ஒரே வண்டியில் இவற்றுள் மூன்று வகைகள்கூட இருக்கலாம். ஆர்மின் சேசிஸ் முனையில் குண்டு மூட்டும் ஆக்ஸில் முனையில் ரப்பர் புஷ்ஷும் வைத்து விற்கப்படும் ஆர்ம்கள் சர்வசாதாரணம். கிரீஸ் கன்னை எடுக்கும்முன் ஒவ்வொரு முனையிலும் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வது முதல் வேலை.

டப்பாவுக்குள் இருப்பது

கிரீஸ் என்பது கெட்டியாக்கப்பட்ட எண்ணெய். பெரும்பகுதி எண்ணெய்தான். அதைப் பஞ்சு நீரைப் பிடிப்பதுபோல் பிடித்துவைத்து, அழுத்தம் வரும்போது கசியவிடும் சோப்பு ஒன்று கூட இருக்கும். நம்மூர் மாட்டு வண்டிக்காரர்கள் அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மை போட்டார்கள். 1940களிலிருந்து உலகெங்கும் பரவிய லித்தியம் கிரீஸின் சோப்பும் அதே ஆமணக்கிலிருந்துதான் பிறக்கிறது. விளக்கெண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கி, அதிலிருந்து எடுக்கும் கொழுப்பு அமிலத்தை லித்தியத்தோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். உலகின் ஆமணக்கு விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் குஜராத்தில் கிடைக்கிறது.

கெட்டித்தன்மையை அளக்க, 1933இல் அமெரிக்காவில் தொடங்கிய என்எல்ஜிஐ என்ற அமைப்பின் எண்கள் பயன்படுகின்றன. 000 என்பது ஏறக்குறைய கூழ், 6 என்பது கட்டி. 25 டிகிரி வெப்பத்தில், பிசைந்த கிரீஸ்மேல் ஒரு கூம்பை 5 நொடி இறங்கவிட்டு, அது எவ்வளவு ஆழம் போனது என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக அளப்பார்கள். 265 முதல் 295 வரை இறங்கினால் எண் 2. சஸ்பென்ஷன் மூட்டுகளுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது இந்த எண் 2தான்.

எண் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்லும்; தரத்தைச் சொல்லாது. அதற்கு டப்பாவின் வேறு எழுத்துகளைப் பார்க்க வேண்டும். 1989 முதல் வழங்கும் வகைப்பாட்டில் எல்பி என்பது அடிச்சட்ட மூட்டுகளுக்கான உயர்தரம், ஜிசி என்பது வீல் பேரிங்குக்கான உயர்தரம். ஜிசி-எல்பி என்று சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் ஆகும். 2021இல் வந்த எச்பிஎம் என்ற புதிய சான்றில் தண்ணீரைத் தாங்கும் கிரீஸுக்குத் தனி அடையாளம் உண்டு. ஆற்றைக் கடக்கும் வண்டிக்கு அந்த அடையாளம் உதவும். நிறத்தை வைத்து முடிவு செய்வதில் பயன் இல்லை. சிவப்பும் நீலமும் சாயம். கறுப்பு பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு அல்லது கிராஃபைட்.

மாலி என்று கடைக்காரர் சுருக்கிச் சொல்லும் அந்தக் கறுப்புப் பொடிக்கு ஒரு நியாயம் உண்டு. வேகமாகச் சுழலும் பேரிங்கில் எண்ணெய் ஒரு படலமாக விரிந்து உலோகத்தைப் பிரித்துவைக்கும். சஸ்பென்ஷன் மூட்டு சுழல்வதில்லை; பெரும் பாரத்தின்கீழ் மெல்ல முன்னும் பின்னும் அசைகிறது. படலம் உருவாக நேரமே இல்லை. அந்த இடத்தில் அடுக்கடுக்கான மாலிப்டினம் துகள்கள் உலோகத்துக்கு நடுவே தடுப்பாக நிற்கின்றன. ஷாக்கிள் பின், உள்ளுறை இல்லாத ஹைம் போன்ற இரும்போடு இரும்பு உரசும் மூட்டுகளுக்கு அது பொருத்தம். எஃகுக் குண்டு பாலியூரித்தேனில் சுழலும் மூட்டுக்கு அது அவசியமில்லை; அங்கே தண்ணீரைத் தள்ளி நிறுத்துவதும் பாலியூரித்தேனைக் கெடுக்காமல் இருப்பதும்தான் முக்கியம். மூட்டைச் செய்தவர் எந்தக் கிரீஸைச் சொல்கிறாரோ அதையே பின்பற்றுவது பாதுகாப்பு.

தண்ணீர் விஷயத்தில் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸுக்கு நல்ல பெயர். தண்ணீர் கலந்தாலும் எளிதில் இளகாது, துருவையும் தடுக்கும். கடற்கரை மணலில் ஓடும் வண்டிகளுக்கு இது ஏற்றது. ஆனால் ஒரு எச்சரிக்கை: வெவ்வேறு சோப்புள்ள கிரீஸ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. லித்தியமும் பாலியூரியாவும் கலந்தால் சில சமயம் நீர்த்து ஒழுகும். வகை மாற்றுவதென்றால் மூட்டைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட வேண்டும், அல்லது பழையது முழுவதும் வெளியேறும்வரை புதியதைச் செலுத்த வேண்டும்.

கிலோமீட்டரா, தண்ணீரா?

கிரீஸ் மூன்று வேலை செய்கிறது. உராய்வைக் குறைக்கிறது, தண்ணீரும் மண்ணும் நுழையும் வழியை அடைக்கிறது, புதிதாக அடிக்கும்போது உள்ளே நுழைந்துவிட்ட அழுக்கை வெளியே தள்ளுகிறது. நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு முதல் வேலையே பெரிது. அதற்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தும். காட்டுப் பாதையில் மற்ற இரண்டும் முந்திக்கொள்ளும். அங்கே கிலோமீட்டர் கணக்கு பொய்த்துவிடும்.

1997 முதல் மலேசியாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பருவமழை கொட்டும் மாதங்களில் காட்டுச் சேற்றிலும் ஆற்றிலும் நடக்கும் பந்தயம் அது. ஒரு நாளைக்கு வண்டி ஓடும் தூரம் சொற்பம். அந்தத் தூரம் முழுவதும் ஆர்ம் முனைகள் சேற்றுத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். நுண்மணல் கலந்த கிரீஸ் அரைக்கும் பசை ஆகிவிடும். அங்கே அடுத்த சர்வீஸ் வரை காத்திருப்பது கிண்ணங்களைக் காவு கொடுப்பதற்குச் சமம். ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 1,850 கிலோமீட்டர் நீளும் கானிங் ஸ்டாக் ரூட்டில் நிலைமை வேறு. தண்ணீர் அரிது, தூசும் அலை அலையான பாதையின் ஓயாத அதிர்வும்தான் பகை. அங்கே கிரீஸைவிட, தளரும் போல்ட்டுகளைத் தினமும் பார்ப்பது முக்கியம். குவீன்ஸ்லாந்தின் கே'காரி தீவுக் கடற்கரையில் ஓட்டினால் தண்ணீரோடு உப்பும் சேர்கிறது. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு கிரீஸ் அடித்தாக வேண்டும்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு நடைமுறை ஒழுங்கு கிடைக்கிறது. நிப்பிள் உள்ள மூட்டுகளுக்கு ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் கிரீஸ் அடிப்பது அடிப்படைக் கணக்கு. ஆர்ம்கள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரிலோ சேற்றிலோ இறங்கிய ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் கூடுதலாக ஒருமுறை. ஆர்ம் முனையை நோக்கி உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுவதும் ஒரு வகையில் ஆற்றில் இறங்குவதுதான். கழுவிய பின்னரே கிரீஸ் என்ற வாட்டர் சர்வீஸ்காரர்களின் பழைய வரிசை இந்த விஷயத்தில் மிகச் சரி.

நிப்பிளின் முனையில்

கிரீஸ் நிப்பிள் இன்றைய வடிவுக்கு வந்தது 1920களில். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆஸ்கர் ஜெர்க் என்பவர் பெற்ற காப்புரிமையால் அங்கே அதன் பெயரே ஜெர்க் என்று ஆகிவிட்டது. உள்ளே ஒரு சிறு குண்டு, அதன் பின்னால் ஒரு சிறு ஸ்பிரிங். கன்னின் அழுத்தம் குண்டைத் தள்ளிக் கிரீஸை உள்ளே விடும், அழுத்தம் நின்றதும் குண்டு வாசலை மூடும்.

வேலை அந்த வாசலிலிருந்தே தொடங்குகிறது. சேறு காய்ந்து ஒட்டிய நிப்பிளில் நேராகக் கன்னை மாட்டினால், முதல் அமுக்கிலேயே அந்த மண் மூட்டுக்குள் போய்விடும். துணியால் துடைத்து, தேவைப்பட்டால் ஆணி முனையால் குண்டை ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். குண்டு எழுந்து வந்தால் நிப்பிள் உயிரோடு இருக்கிறது. பிறகு கன்னின் வாய் நிப்பிளில் கிளிக்கென்று அமரும்வரை நேராக அழுத்த வேண்டும். சாய்ந்தால் கிரீஸ் வெளியே பிதுங்கும். கையால் அமுக்கும் சாதாரணக் கன்கூடப் பல ஆயிரம் பிஎஸ்ஐ அழுத்தம் தரவல்லது. ஓர் அமுக்குக்கு வருவது ஒரு கிராம் அளவுதான். அதனால் வேகமாக அமுக்குவதில் ஆதாயம் எதுவும் இல்லை.

மெல்ல அமுக்கும்போது மூட்டின் ஓரத்தில் வருவதைக் கவனித்தால் ஒரு அறிக்கையே கிடைக்கும். முதலில் கறுத்த பழைய கிரீஸ். அது பால்போல் வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. செம்பழுப்பாக வந்தால் துரு பிடித்துவிட்டது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து நரநரத்தால் மணல். கடைசியாக, டப்பாவில் இருக்கும் அதே நிறத்தில் கிரீஸ் எட்டிப்பார்க்கும்போது நிறுத்தலாம். இது குண்டு மூட்டு போன்ற திறந்த மூட்டுகளுக்கு. உறை மூடிய பால் ஜாயின்ட்டில் நிப்பிள் இருந்தால் கணக்கு மாறும். உறை இலேசாக உப்பத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அமுக்கினால் உறை கிழியும். அதன் பிறகு எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் தண்ணீர் உள்ளே போகும். காற்றழுத்தத்தில் ஓடும் கன்னால் இந்த உப்பலைக் கையில் உணர முடியாது. இந்த மூட்டுகளுக்குக் கைக்கன்னே மேல்.

சில நிப்பிள்கள் ஒரு துளிகூட உள்வாங்காது. பெரும்பாலும் காரணம் பாரம். வண்டியின் எடை குண்டைக் கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் அழுத்திக் கிரீஸ் போகும் வழியை மூடியிருக்கும். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்ஸிலைச் சற்றுத் தொங்கவிட்டால், அல்லது ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஆர்மைத் திருகினால் வழி திறக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையக்கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். அப்படியும் போகவில்லையென்றால் நிப்பிளைக் கழற்றிப் புதியது போட வேண்டும். விலை மிகக் குறைவு. ஆனால் மரை ஒன்றல்ல: மெட்ரிக், அமெரிக்க நுண்மரை, குழாய் மரை எனப் பல. வெளிநாட்டு ஆர்ம் வாங்கியவர்கள் அதே மரையில் நாலைந்து நிப்பிள்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் நிப்பிளைப் பாறை முதல் பயணத்திலேயே கிள்ளிவிடும். ஆர்மைப் பூட்டும்போதே அதன் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டத்தைத் தேடுவது

கிரீஸ் தேய்மானத்தைத் தள்ளிப்போடும், தேய்ந்ததை நிரப்பாது. குண்டு மூட்டில் ஆட்டம் வந்தபின் கிரீஸ் அடித்தால் சத்தம் சில நாள் அடங்கும், ஆட்டம் அப்படியே இருக்கும். ஆகவே கன்னோடு ஒரு கடப்பாரையும் வேண்டும். ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் அதைக் கொடுத்து நெம்பும்போது ரப்பர் புஷ் இலேசாக வளைந்து திரும்புவது இயல்பு. குண்டு டக்கென்று இடம் மாறுவது இயல்பல்ல. ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிது ஆட்ட, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ட்ராக் பாரின் முனைகளை மற்றொருவர் பார்ப்பது இன்னொரு சோதனை. ஆக்ஸில் நகரும் முன் போல்ட் நகர்ந்தால் அங்கேதான் குறை.

ரப்பரில் மேலோட்டமான வெடிப்பு வயதின் அடையாளம். உடனே மாற்ற வேண்டியதில்லை. ரப்பர் குழலைவிட்டுப் பிரிந்து இடைவெளி தெரிந்தாலோ, உள்குழல் நடுவைவிட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ மாற்றியாக வேண்டும். பழைய ரேஞ்ச் ரோவர், டிஃபெண்டர் வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து டொக்கென்ற ஓசை வந்தால், ஏ வடிவ ஆர்மின் பால் ஜாயின்ட்டை முதலில் சந்தேகிப்பார்கள்.

முழு முன் ஆக்ஸில் உள்ள வண்டிகளின் பெரும் பயம், டெத் வாபிள் எனப்படும் கொடிய நடுக்கம். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு குழியில் ஏறியதும் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக உதறத் தொடங்கும். வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காது. இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ட்ராக் பார் போல்ட் தளர்ந்து துளை நீள்வட்டமாவது, ஆர்ம் புஷ் கிழிவது, ஸ்டியரிங் முனைகள் தேய்வது, டயர் சமநிலை கெடுவது என ஒன்றோ பலவோ சேரலாம். புதிய ஸ்டியரிங் டேம்பர் பூட்டினால் நடுக்கம் மறைவதுண்டு. தேய்ந்த மூட்டு அப்படியேதான் இருக்கும். சரியான டார்க்கில் முறுக்கிய பின் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுவது எளிய காவல். கோடு பிசகினால் போல்ட் திரும்பியிருக்கிறது.

முடியாத வாதம்

மூடிய மூட்டா, கிரீஸ் அடிக்கும் மூட்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மூடிய மூட்டை ஆதரிப்பவர்களின் வாதம் வலுவானது. பெரும்பாலான உரிமையாளர்கள் நேரத்துக்குக் கிரீஸ் அடிப்பதில்லை, அடித்தாலும் சிலர் மண்ணோடு சேர்த்து அடிக்கிறார்கள். கம்பெனிகள் நிப்பிளைக் கைவிட்டதற்கு இது ஒரு காரணம். மறுதரப்பு சொல்வதிலும் உண்மை உண்டு. மூடிய மூட்டின் உறை ஒரு கல்லில் கிழிந்தால் அதன் ஆயுள் அத்தோடு சரி. நிப்பிள் உள்ள மூட்டை அதே பயணத்தின் இரவிலேயே கழுவி, கிரீஸ் ஏற்றி மறுநாள் ஓட்டலாம், கிண்ணம் தேய்ந்தால் கிண்ணத்தை மட்டும் மாற்றலாம். புதிய ரப்பர் வகை மூட்டுகள் இரண்டுக்கும் நடுவே இடம் பிடிக்கின்றன. கிரீஸ் பக்கத்திலும் மாற்றம் நடக்கிறது: பேட்டரித் தொழில் லித்தியத்தை அள்ளிக்கொள்வதால், கால்சியம் சல்ஃபோனேட் போன்ற மாற்றுகளின் பக்கம் கிரீஸ் தயாரிப்பாளர்களின் கவனம் திரும்பியிருக்கிறது.

இந்திய உரிமையாளருக்கு இன்றைய நிலவரம் இது: கம்பெனி ஆர்ம்களோடு ஓடும் தாருக்கும் ஜிம்னிக்கும் ஆர்ம் புஷ்களில் கிரீஸ் வேலை இல்லை, கடப்பாரைச் சோதனையும், தரையில் நிறுத்தி முறுக்கிய போல்ட்டும், எண்ணெய் படாத ரப்பரும் போதும். பட்டா ஜீப் வைத்திருப்பவர் ஷாக்கிளில் இரும்பு புஷ் இருக்கிறதா ரப்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கன்னை எடுக்க வேண்டும். வெளிச்சந்தை ஆர்ம் பூட்டியவர் முதல் மழைக்காலத்தில் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் கிரீஸ் ஏற்றி, வெளியே வந்தது என்ன நிறம் என்று சர்வீஸ் நோட்டில் எழுதி வைக்கலாம். இரண்டு மூன்று பயணங்களிலும் சுத்தமாகவே வந்தால் இடைவெளியை நீட்டலாம். பால்போல் வெளுத்து வந்தால் குறைக்க வேண்டும்.